ஒரு கம்பிச் சுருளும் ஒரு ஜனாதிபதியும்

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி "எந்தக் கம்பெனி நல்லது?" இரண்டாவது கேள்வி "எத்தனை அடி ஆழம் போகும்?" கீழே வட்டமாகச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்குள் இருப்பது கம்பிச் சுருள். இந்த விஷயத்தில் ஊறினவர்கள் காயில் என்பார்கள். மண்ணுக்குள் இருப்பதைக் கேட்பது அந்தத் தட்டுதான். மேலே இருக்கிற பெட்டியும் திரையும் பொத்தான்களும் அது கேட்டதை நமக்குச் சொல்வதோடு சரி.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது என் உத்தியோகத்தால். எங்கள் கிளைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முப்பது அடி ஆழத்தில் இருக்கும் தங்கத்தைக் காட்டும் கருவியாம். "லோன் கிடைக்குமா சாப்?" கிடைக்காது என்று சொல்லி டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினேன். முப்பது அடி என்பது ஏன் நடக்காத காரியம் என்று தெரிந்துகொள்ளலாமே என்று அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். அது என்னை 1881ம் வருடத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

1881 ஜூலை 2ம் தேதி. வாஷிங்டன் ரயில் நிலையம் ஒன்றில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்லஸ் கிட்டோ என்பவன் இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று முதுகில் வலப்பக்கமாக நுழைந்து உள்ளே தங்கிவிட்டது. எங்கே தங்கியது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்-ரே வருவதற்கு இன்னும் பதினாலு வருடம் இருக்கிறது. அந்தக் காலத்து வைத்தியம் என்னவென்றால் காயத்துக்குள் விரலை விட்டுத் தேடுவது. அல்லது நெலாட்டன் என்ற பிரெஞ்சு டாக்டர் செய்த கம்பியை விடுவது. அதன் நுனியில் பீங்கான் குமிழ் இருக்கும். ஈயக் குண்டில் உரசினால் பீங்கானில் கறை படியும். 1862ல் இத்தாலியின் கரிபால்டி காலில் குண்டு பட்டபோது இந்தக் கம்பிதான் அதைக் கண்டுபிடித்தது. ஆனால் கார்ஃபீல்டிடம் அது பலிக்கவில்லை. கழுவாத விரல்களும் கம்பிகளும் மாற்றி மாற்றி உள்ளே போய் வந்துகொண்டிருந்தன.

இந்தச் சமயத்தில்தான் அலெக்சாண்டர் கிரகாம் பெல் வருகிறார். டெலிஃபோன் கண்டுபிடித்த அதே பெல். வயது 34. உடம்பைக் கிழிக்காமலேயே மின்சாரத்தால் குண்டைத் தேட முடியும் என்று நினைத்தார்.

அவர் எடுத்துக்கொண்ட தத்துவத்துக்கு இண்டக்ஷன் பாலன்ஸ் என்று பெயர். 1879ல் டேவிட் ஹியூஸ் என்பவர் செய்து காட்டியது. பி.காம் படித்த எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒரு கம்பிச் சுருளில் விட்டுவிட்டு மின்சாரம் செலுத்தினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழுந்து விழும். பக்கத்தில் இன்னொரு சுருள் இருந்தால் அதிலும் மின்சாரம் பிறக்கும். இரண்டாவது சுருளைச் சரியான இடத்தில் வைத்தால், ஒரு பக்கம் பிறக்கிறதும் எதிர்ப்பக்கம் பிறக்கிறதும் ஒன்றையொன்று தின்றுவிடும். காதில் வைத்த டெலிஃபோனில் சத்தம் வராது. பற்றும் வரவும் டேலி ஆன ட்ரயல் பாலன்ஸ் மாதிரி. இப்போது பக்கத்தில் ஒரு உலோகத்துண்டு வந்தால் கணக்கு உதைக்கும்; டெலிஃபோன் முனகும். வித்தியாசம் எத்தனை சின்னதானாலும் தெரிந்துவிடும், ஏனென்றால் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது பூஜ்யத்தை.

பெல்லும் அவருடைய கூட்டாளி சம்னர் டெய்ன்டரும் ராப்பகலாக வேலை செய்தார்கள். ஹியூஸின் ஏற்பாட்டில் நாலு சுருள்கள். பெல் அதை மாற்றி, இரண்டே தட்டையான சுருள்களை எடுத்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல் வைத்தார். மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சத்தம் சுத்தமாக அடங்கிவிடும். அந்த நிலையில் கட்டிவிட்டால் தேடுவதற்குத் தயார். (டெலிஃபோன் லைன்களில் பக்கத்து லைன் இரைச்சல் புகுவதைத் தடுக்க முன்பு செய்த சோதனைகளில் அவருக்குப் பிடிபட்ட விஷயம் இது.) இன்றைக்குக் கடைகளில் டபுள்-டி காயில் என்று விற்கிறார்களே, ஆங்கில டி எழுத்து போன்ற இரண்டு சுருள்கள் முதுகோடு முதுகு ஒட்டி நடுவில் கொஞ்சம் ஏறியிருக்கும், அதன் பாட்டனார் இதுதான்.

ஆழம் எவ்வளவு கிடைத்தது? கடைசியாகச் சீர்செய்த கருவியில் சுமார் ஐந்து அங்குலம். அதுவும் குண்டு எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. நசுங்கித் தட்டையான குண்டு, சுருளுக்கு முகம் காட்டிக் கிடந்தால் சத்தம் நன்றாகக் கேட்டது. விளிம்பைக் காட்டிக் கிடந்தால் மிகவும் குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு ஈயம். தாமிரம் மின்சாரத்தைக் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாத உலோகம். உள்நாட்டு யுத்தத்தில் வாங்கின குண்டை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களை வரவழைத்து அவர்கள் மேல் சோதித்தார்கள். வேலை செய்தது.

ஜூலை 26ம் தேதி மாலை வெள்ளை மாளிகையில் முதல் சோதனை. டெலிஃபோனில் ஒரே படபடப்புச் சத்தம். ஒன்றும் தெளிவாக இல்லை. கண்டென்ஸரை ஒரு பக்கம் மட்டும் இணைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆகஸ்ட் 1ம் தேதி இரண்டாவது சோதனை. இந்த முறை கருவியில் பழுதில்லை. ஆனால் ஓர் இடத்தில் கேட்கவேண்டிய சத்தம், வலப்பக்கம் ஒரு பெரிய பரப்பு முழுவதும் லேசாகக் கேட்டது. பெல்லுக்குச் சந்தேகம். படுக்கையில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். குதிரைமுடி மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது!

இந்த இடத்தில் எல்லாப் புத்தகங்களும் "மெத்தைக் கம்பி பெல்லை ஏமாற்றிவிட்டது" என்று கதையை முடித்துவிடும். எனக்கு அதில் திருப்தியில்லை. பெல் அப்படி நினைக்கவில்லை. அதே மாதிரி மெத்தை ஒன்றை வரவழைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, சத்தம் கேட்ட பரப்பு மெத்தையின் பரப்பை விட மிகச் சிறியதாக இருப்பதால் கம்பிவலை பெரிய கெடுதல் செய்திருக்காது என்றே அவர் முடிவுக்கு வந்தார். அவர் நினைத்தது சரியோ தப்போ, பெரிய தடை வேறு இடத்தில் இருந்தது. தலைமை டாக்டர் வில்லார்ட் பிளிஸ், குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தீர்மானம் செய்துவிட்டிருந்தார். தேடுவதும் வலப்பக்கம்தான். போதாததற்கு, பெல்லின் சோதனை தன் தீர்மானத்தை உறுதி செய்துவிட்டது என்ற செய்தி வேறு வெளியே போனது.

செப்டம்பர் 19ம் தேதி கார்ஃபீல்ட் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம், கணையத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் சதை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தது. அவரைக் கொன்றது குண்டு இல்லை, உள்ளே விட்ட விரல்களும் அவை கொண்டுபோன சீழும்தான் என்பது இன்றைக்குப் பெரும்பாலான மருத்துவ வரலாற்றாசிரியர்களின் கருத்து. குண்டை யாரும் தேடாமலே விட்டிருந்தால் மனிதர் பிழைத்திருக்கக்கூடும்.

இந்த இரண்டரை மாதத்துக்கு நடுவில், ஆகஸ்ட் 15ம் தேதி, பெல்லின் ஆண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து இறந்தது. எட்வர்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்டோபரில் பெல் நியூயார்க் போய், வேறொரு பழைய சிப்பாயின் உடம்பில் கிடந்த குண்டை டாக்டர்கள் முன்னால் தன் கருவியால் சரியாகக் காட்டிக்கொடுத்தார். கருவி உண்மையில் வேலை செய்யும் என்பதை நிரூபித்தாயிற்று. யாருக்காகச் செய்தாரோ அவர் மண்ணுக்குள் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காயிலைப் பற்றி இன்றைக்குச் சொல்கிற எல்லாப் பாடமும் இதிலேயே வந்துவிட்டது. தேடுகிற பொருள் எவ்வளவு பெரியது, என்ன உலோகம், எப்படிக் கிடக்கிறது, சுற்றி வேறு என்ன கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, காயிலை எங்கே கொண்டுபோய் வைக்க விடுகிறார்கள்.

அடுத்த ஐம்பது வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1920களில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன கெர்ஹார்ட் ஃபிஷர் என்ற எஞ்சினியர், விமானங்களுக்கு ரேடியோ மூலம் திசை காட்டும் கருவி செய்துகொண்டிருந்தார். சில இடங்களில் பறக்கும்போது மட்டும் திசை கொஞ்சம் தப்பாகக் காட்டியது. நம்மில் பலர் 'மெஷின் ரிப்பேர்' என்று விட்டிருப்போம். அவர் யோசித்தார். கீழே உலோகக் கட்டுமானங்களோ தாதுப்பொருளோ இருக்கிற இடங்களில்தான் இந்தத் தப்பு வருகிறது! 1931ல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டு கராஜில் கம்பெனி தொடங்கினார். கருவிக்கு மெட்டலஸ்கோப் என்று பெயர். காப்புரிமை 1937ல் கிடைத்தது.

அது இன்றைய டிடெக்டர் மாதிரியே இருக்காது. ஒரு கழியின் இரு முனையிலும் இரண்டு மரப்பெட்டிகள். முன்னால் ஒரு சுருள், பின்னால் ஒரு சுருள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. இடையில் நல்ல இடைவெளி. இதனுடைய வேடிக்கை என்னவென்றால், காலடியில் கிடக்கும் காசையோ ஆணியையோ இது கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆனால் மூன்று, நாலு அடிக்குக் கீழே போகும் தண்ணீர்க் குழாயையோ பெரிய பெட்டியையோ பிடித்துவிடும். டெலிஃபோன் இலாகாக்களும் குழாய் பதிப்பவர்களும் வாங்கினார்கள். இந்த 'இரட்டைப் பெட்டி' வகை இன்றும் விற்பனையில் இருக்கிறது. நெத்திலிக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்கு ஒரு வலை என்பது கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆழமாகவும் போகவேண்டும், மூக்குத்தியும் சிக்கவேண்டும் என்றால் ஒரே வலையில் நடக்காது.

பிறகு வந்தது யுத்தம். ஜோசஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து ராணுவ அதிகாரி, நாடு ஹிட்லர் கையில் விழுந்த பிறகு பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர். 1941-42ல் ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு, ஒரே ஆள் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்படியான கண்ணிவெடி டிடெக்டர் ஒன்றை வடிவமைத்தார். கழியின் அடியில் தட்டை வடிவத்தில் இரண்டு சுருள்கள், முதுகில் பாட்டரி, காதில் ஹெட்ஃபோன். இன்று நாம் டிடெக்டர் என்றதும் மனதில் வருகிற உருவம் இதுதான். காப்புரிமை எதுவும் கேட்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே கொடுத்துவிட்டார். ஆறாம் ஜார்ஜ் மன்னரிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. அவ்வளவுதான் பிரதிபலன். ராயல்டி கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கேயோ போய் நிற்கும்! குடும்பம் போலந்தில் இருந்ததால் யுத்தம் முடியும்வரை பெயரைக்கூட வெளியே விடவில்லை.

1942 அக்டோபரில் எகிப்தில் எல் அலமைன் போர். ரோம்மலின் படை லட்சக்கணக்கில் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்துக் காத்திருந்தது. அதுவரை மணலில் துப்பாக்கிக் கத்தியைச் சாய்வாகக் குத்திக் குத்தித்தான் வெடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொசாட்ஸ்கியின் கருவிகள் சுமார் 500 அங்கே போய்ச் சேர்ந்தன. மணிக்கு 100 சதுர மீட்டர் சுத்தம் செய்துகொண்டிருந்த இடத்தில் 200 சதுர மீட்டர் ஆனது. பீரங்கி விழுந்துகொண்டிருக்கும்போது மைதானத்தில் நின்று தேடுகிறவனுக்கு அந்த இரட்டிப்பு என்றால் என்ன என்று நாம் நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கக்கூட முடியாது. (எல் அலமைனில் நான்காவது இந்திய டிவிஷனும் இருந்தது.)

ஜெர்மானியர்கள் சும்மா இருப்பார்களா? மரப்பெட்டியில் வெடி வைத்தார்கள். கண்ணாடியில் செய்தார்கள். உலோகம் என்று இருப்பது தூண்டுகிற பகுதியில் கொஞ்சம்தான். அதைப் பிடிக்க வேண்டுமென்று உணர்திறனைக் கூட்டினால் பழைய ஆணி, தகரம், வெடித்த குண்டின் சில்லு எல்லாம் சேர்ந்து கத்தும். இன்றும் கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் பெரிய தலைவலி இதுதான். ஒரு நிஜ வெடிக்கு நூற்றுக்கணக்கான குப்பைச் சில்லுகள். ஒவ்வொன்றையும் நிஜ வெடி என்றே நினைத்து மண்டியிட்டுத் தோண்டவேண்டும்.

யுத்தம் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய கருவிகள் மலிவு விலைக்கு வெளியே வந்தன. அப்போதுதான் இது பொழுதுபோக்காக மாறியது. 1950ல் ஒயிட்ஸ், 1964ல் காரெட் என்று அமெரிக்காவில் கம்பெனிகள் முளைத்தன. 1985ல் ஆஸ்திரேலியாவில் மைன்லேப். (ஒயிட்ஸ் 2020ல் கடையை மூடிவிட்டது.)

இப்போது ஆழத்துக்கு வருவோம், சுபேதாரின் முப்பது அடிக்காக. சுருளிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் தூரம் போகப்போகப் படுவேகமாக மெலியும். கீழே உள்ள உலோகம் திருப்பி அனுப்புவதும் அதே வேகத்தில் மெலிந்துகொண்டே மேலே வரும். போகிற வழி, வருகிற வழி இரண்டும் சேர்ந்தால், சுருளின் அளவைத் தாண்டிய தூரங்களில், ஆழம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் அறுபத்து நாலில் ஒரு பங்காகிவிடும். திருப்பிப் போட்டால், சுருளில் பாய்கிற மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினாலும் கிடைக்கிற கூடுதல் ஆழம் சுமார் 12 சதவீதம்தான். பத்து அங்குலம் போனது பதினொன்றே கால் போகும். முதலீட்டை இரட்டிப்பாக்கி இவ்வளவுதான் வரவு என்றால் எந்தக் கடன் கமிட்டியும் ஒத்துக்கொள்ளாது.

அதனால் சுருளைப் பெரிதாக்குகிறார்கள். பெரிய சுருளின் புலம் ஆழத்தில் அவ்வளவு சீக்கிரம் மெலியாது. ஆனால் அதற்கு விலை உண்டு. பெரிய சுருளில் புலம் பரந்து கிடப்பதால் சின்னப் பொருள் அதைக் கலைக்க முடியாது. கடுகு அளவு தங்கம் பதினெட்டு அங்குலக் காயிலுக்குத் தெரியாமல் போகும். ஆறு அங்குலக் காயில் கத்தும். இரண்டாவது விலை, பெரிய காயில் ஒரே சமயத்தில் நிறைய மண்ணைப் பார்க்கிறது. அந்த மண்ணில் இரும்புத்தாது இருந்தால் மண்ணே சத்தம் போடும். மூன்றாவது, பக்கத்துப் பக்கத்தில் ஒரு வெள்ளிக்காசும் ஐந்து துருப்பிடித்த ஆணியும் கிடந்தால் பெரிய காயில் ஆறையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே முனகலாகச் சொல்லும். பழைய வீடு இருந்த இடம் என்றால் சின்னக் காயிலோடு பொறுமையாகப் போகிறவன்தான் காசோடு திரும்புவான். கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுவதும் வீசி நடந்தால் தோள்பட்டை மறுநாள் பதில் சொல்லும்.

வடிவத்திலும் இப்படித்தான். வெளியே ஒரு வட்டம், உள்ளே ஒரு வட்டம் என்று ஒரே மையத்தில் வைப்பது ஒரு வகை. அதன் புலம் கீழே போகப்போகக் கூம்பு மாதிரிக் குறுகும். பொருள் எங்கே கிடக்கிறது என்று புள்ளி வைத்துச் சொல்லும். சாதுவான மண்ணில் நன்றாக வேலை செய்யும். இரும்புத்தாது உள்ள செம்மண்ணில் தடுமாறும். டபுள்-டி வகையில் புலம் ஒரு கத்தி மாதிரி நடுக்கோட்டில் இறங்கும். மண்ணின் இரைச்சல் குறைவு. ஒரு வீச்சில் நிறைய இடத்தைப் பார்த்துவிடலாம். சாதுவான மண்ணில் மட்டும் அதே அளவுள்ள மற்றதைவிட ஆழம் கொஞ்சம் குறையலாம். எது உசத்தி என்று சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேறு மண்ணில் நின்றுகொண்டு சண்டை போடுகிறார்கள்.

அப்படியானால் உலகத்திலேயே டிடெக்டரால் கிடைத்த மிகப் பெரிய தங்கக்கட்டிக்கு எந்தக் காயில் தேவைப்பட்டது? 1980ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிங்கவர் என்ற ஊரில் கெவின் ஹில்லியர் என்பவருக்கு 27.2 கிலோவில் ஒரு கட்டி கிடைத்தது. 'விசுவாசத்தின் கை' என்று பெயர் வைத்தார்கள். லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. எவ்வளவு ஆழத்தில் கிடந்தது தெரியுமா? ஏறக்குறைய ஓர் அடி. குழந்தை எடைக்கு எத்தனையோ மடங்கு இருக்கிற தங்கம் ஓர் அடியில் கிடந்தால் எந்தக் காயிலுக்கும் கேட்கும். நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பகுதியில் தங்கம் தேடிக்கொண்டிருந்தவர்கள் அதன் மேலேயே நடந்து போயிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1992 நவம்பரில் நடந்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். சஃபோக் மாவட்டத்தில் ஹோக்ஸ்ன் என்ற கிராமம். ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித்தரும்படி எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரரைக் கேட்டார். லாஸின் டிடெக்டரில் சுத்தியலுக்குப் பதிலாக ரோமானியர் காலத்துப் புதையல் கிடைத்தது. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். கொஞ்சம் எடுத்ததும் மனிதர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். அதனால் தொல்லியல் ஆட்கள் வந்து, எது எதன்மேல் இருந்தது, எந்தப் பெட்டிக்குள் இருந்தது என்று அடுக்குக் குலையாமல் எடுக்க முடிந்தது. 17.5 லட்சம் பவுண்டு மதிப்புப் போட்டார்கள். லாஸ் தனக்கு வந்ததை அந்த விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் பிறகு கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது :-) அந்த நாட்டின் 1996ம் வருடத்துப் புதையல் சட்டம் வந்ததற்கு இந்தப் புதையலும் ஒரு காரணம்.

நம் ஊர்ச் சட்டம் அதைவிட நூறு வருடத்துக்கு மேல் மூத்தது. 1878ம் வருடத்து இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்கிறது. 1878ல் பத்து ரூபாய் என்றால் பெரிய பணம். சொந்தக்காரர் யார் என்று தெரியாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கமே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கவேண்டும். சொல்லாமல் மறைத்தால் பங்கும் போய், ஒரு வருடம் வரை ஜெயிலும் உண்டு. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் அனுமதியில்லாமல் மண்வெட்டியே வைக்கக்கூடாது. டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் காயிலுக்கு முன்னால் இதைப் படிப்பது நல்லது.

2013 அக்டோபரில் உத்தரப்பிரதேசத்தில் நடந்த கூத்து பலருக்கு ஞாபகம் இருக்கும். உன்னாவ் மாவட்டத்தில் தவுண்டியா கேரா என்ற கிராமம். 1857 புரட்சியில் சேர்ந்து ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட ராவ் ராம் பக்ஷ் சிங்கின் இடிந்த கோட்டை அங்கே இருக்கிறது. ஷோபன் சர்க்கார் என்ற சாது, அந்தக் கோட்டைக்குக் கீழே 1000 டன் தங்கம் இருப்பதாக ராஜா கனவில் வந்து சொன்னார் என்றார். மத்திய இணை அமைச்சர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கருவிகளோடு போனது. 5 முதல் 20 மீட்டர் ஆழத்தில் ஏதோ வித்தியாசம் தெரிகிறது, உலோகமாக இருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. 'இருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு டிவிக்காரர்கள் ஐம்பது வண்டியில் வந்து இறங்கினார்கள்.

நான் அப்போது கான்பூர் பக்கம். பாஸ்புக் எண்ட்ரி போட வந்தவர்கள்கூட "சாப், தங்கம் விலை விழுமா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு நம் ரிசர்வ் வங்கி கையிருப்பில் இருந்த மொத்தத் தங்கமே 557.75 டன்தான். ஒரு குறுநில ராஜா அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வைத்திருந்து, அதை ஆங்கிலேயன் பார்க்காமல் புதைத்தும் விட்டார் என்று நம்பவேண்டும்! அக்டோபர் 18ம் தேதி தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. பழைய செங்கல் சுவர், பானை ஓடுகள் என்று வந்தன. தங்கம் வரவில்லை. ஒரு மாதத்துக்குள் மூடிவிட்டார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது கனவு கண்ட சாது இல்லை. வெள்ளை மாளிகையில் நடந்ததே இங்கேயும் நடந்திருக்கிறது. முதலில் ஒரு தீர்மானம், பிறகு அந்த இடத்தில் கருவி, கருவி முனகினதும் "பார்த்தீர்களா, சொன்னோமே!". டாக்டர் பிளிஸாவது ஒரு நோயாளியைக் காப்பாற்ற நினைத்தார்.

இந்த மாதிரி சமயத்தில்தான் சுபேதார் கொண்டுவந்த தாள் போன்றவை ஊர் ஊராகப் போகும். கையடக்கமான டிடெக்டர் எதுவானாலும், ஒரு காசை ஓர் அடி ஆழத்தில் பிடித்தால் நல்ல கருவி. இரட்டைப் பெட்டி வகை பெரிய அண்டாவைச் சில அடிகளில் பிடிக்கும். முப்பது அடி, நூறு மீட்டர் என்று விளம்பரம் செய்பவற்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அதில் காயிலே இருக்காது. கைப்பிடியும், அதில் ஆடுகிற ஓர் ஆன்டெனாக் கம்பியும்தான். கிணறு வெட்ட நீரோட்டம் பார்ப்பவர் கையில் இருக்கும் குச்சிக்கு பிளாஸ்டிக் உறை போட்டது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமென்றால் பரவாயில்லை. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆங்கிலேயர், கோல்ஃப் பந்து தேடுவதற்கென்று அமெரிக்காவில் இருபது டாலருக்கும் குறைவாக விற்ற பொம்மை ஒன்றைப் பார்த்து, ஏடிஇ 651 என்று ஒரு 'வெடிகுண்டு டிடெக்டர்' செய்தார். அதில் சுருள் இல்லை, பாட்டரி இல்லை. வெடிமருந்துக்கு ஓர் அட்டை, போதைப்பொருளுக்கு ஓர் அட்டை என்று செருகிக்கொள்ளவேண்டும். 2010ல் பிபிசி அந்த அட்டையைக் கேம்பிரிட்ஜில் பிரித்துப் பார்க்கச் சொன்னது. உள்ளே இருந்தது கடைகளில் திருட்டைத் தடுக்கத் துணியில் ஒட்டுகிற சாதாரணப் பட்டை. இதைத்தான் இராக் அரசாங்கம் ஆயிரக்கணக்கில், கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி பாக்தாத் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் கையில் கொடுத்திருந்தது. வெடிமருந்து ஏற்றிய வண்டிகள் அந்தக் கம்பியைக் கடந்து போய் வெடித்தன.

2013 மே மாதம் லண்டன் நீதிமன்றம் மெக்கார்மிக்குக்குப் பத்து வருடம் சிறைத் தண்டனை விதித்தது. அதற்குப் பிறகும் பாக்தாத் சாவடிகளில் அந்தக் கருவி இருந்தது. 2016 ஜூலை 3ம் தேதி, ரமலான் மாதத்தின் கடைசி நாட்களில், கர்ராடா கடைத்தெருவில் ஒரு வண்டி வெடித்து முந்நூறு பேருக்கு மேல் இறந்த பிறகுதான், அவற்றை எடுத்துவிடும்படி இராக் பிரதமர் உத்தரவிட்டார்.